பலர் சேர்ந்து டார்ட்ஸ் ஆடும்போது ஸ்கோர் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸுடன் நிற்பவரிடம்தான் எல்லாச் சந்தேகமும் வந்து சேரும். அந்த இடத்தில் அடிக்கடி நிற்பதால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப என் காதில் விழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். இருவர் ஆட்டத்தில் பெரிய குழப்பம் வராது. மூன்று, நான்கு, ஆறு பேர் சேரும்போதுதான் தகராறு வரும். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன்.

போர்டுல எந்த இடத்துக்கு எவ்வளவு? உள்ள ஒரு வளையம், வெளிய ஒரு வளையம்னு குழப்புது.

போர்டு 20 துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அதன் எண் இருக்கும். துண்டின் அகலமான பகுதியில் பட்டால் அந்த எண் அப்படியே. போர்டின் வெளி விளிம்பில் இருக்கும் மெல்லிய வளையம் டபுள், அதாவது இரண்டு மடங்கு. விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய வளையம் ட்ரிபிள், மூன்று மடங்கு. டபுள் வளையத்துக்கு வெளியே பட்டால், எண் எழுதியிருக்கும் இடத்திலேயே போய்க் குத்தினாலும், பூஜ்யம்தான்.

நடுவில் இரண்டு வட்டங்கள் உண்டு. வெளி வட்டத்துக்கு 25, உள்ளே இருக்கும் சின்ன வட்டத்துக்கு 50. இந்த 50 கணக்கில் 'டபுள் 25' என்றே சேரும். டபுளில் ஆட்டத்தை முடிக்கும் விதி வரும்போது இது முக்கியம்.

மூணு டார்ட்டையும் கூட்டணுமா, இல்ல பெஸ்ட் மட்டும் எடுத்துக்கலாமா?

கூட்ட வேண்டும். ஒருவர் முறைக்கு மூன்று டார்ட். மூன்றும் ட்ரிபிள் 20-ல் விழுந்தால் 180, அதற்கு மேல் கிடையாது.

டார்ட் கம்பிமேல உட்கார்ந்திருக்கு. எந்தப் பக்கத்துக்கு எழுதறது?

துண்டுகளைப் பிரிக்கும் கம்பியின் எந்தப் பக்கத்தில் முனை உள்ளே இறங்கியிருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்கு. டார்ட்டின் உடல் சாய்ந்து அடுத்த துண்டின்மேல் கிடந்தாலும் அதைப் பார்க்க வேண்டாம். தூரத்தில் எறியும் கோட்டில் நிற்பவருக்கு இது சரியாகத் தெரியாது. கிட்டே போய் நேராகப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இதோடு சேர்த்தே வரும் மற்ற சந்தேகங்களும் சுலபம்தான். போர்டில் பட்டுத் திரும்பி வந்து விழுந்த டார்ட்டுக்குப் பூஜ்யம், மறுபடி எறிய முடியாது. ஏற்கெனவே குத்தி நிற்கும் டார்ட்டின் பின்பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டால், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதுவும் பூஜ்யம். முனை போர்டைத் தொடவில்லையே! குத்தி நின்ற டார்ட், ஸ்கோர் எடுப்பதற்குள் தானாக நழுவி விழுந்தாலும் கணக்கில் சேராது.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று: ஸ்கோரைச் சொல்லி, எழுதி, எறிந்தவர் தலையாட்டும் வரை யாரும் டார்ட்டைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கிய பிறகு "அது டபுள்தானே?" என்று கேட்டால் பதில் சொல்ல யாராலும் முடியாது.

கூட்டிக்கிட்டே போறதா, 501-லேருந்து கழிச்சுக்கிட்டே வர்றதா?

501, 301 இரண்டும் கழிக்கும் ஆட்டங்கள். எல்லாரும் ஒரே எண்ணில் தொடங்கி, அடித்ததைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் சிலர் தனியாகக் கூட்டி வைத்துக்கொண்டு கடைசியில் கழிக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். ஆட்டம் முடியும் நேரத்தில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மிச்சம் என்பதுதான் எல்லாருக்கும் தெரிய வேண்டிய ஒரே எண்.

மனக்கணக்கில் தடுமாறுபவர்களுக்கு ஒரு வழி: 85-ஐக் கழிக்க, 100-ஐக் கழித்து 15-ஐக் கூட்டுங்கள். 387-ல் 100 போனால் 287, அதோடு 15 சேர்த்தால் 302. கடன் வாங்கிக் கழிப்பதைவிட இதில் தப்பு குறைவு.

நாலு பேர் ஆடறோம். பேப்பர்ல எப்படிக் கட்டம் போடணும்?

ஆளுக்கு இரண்டு பத்தி. இடப்பக்கம் அந்த முறையில் அடித்தது, வலப்பக்கம் மிச்சம். பலர் 'மிச்சம்' மட்டும் எழுதுவார்கள், இடம் மிச்சமாகிறது என்று. ஆனால் கணக்கு எங்கே சறுக்கியது என்று பின்னால் தேட, அடித்த எண் கண்முன் இருந்தே ஆக வேண்டும்.

மூன்று பேருக்கு ஒரு உதாரணம். முதல் சுற்றில் முதலாமவர் 45, மிச்சம் 456. இரண்டாமவர் 26, மிச்சம் 475. மூன்றாமவர் 81, மிச்சம் 420. அடுத்த சுற்றில் 60, 100, 41 என்று அடித்தால் மிச்சம் முறையே 396, 375, 379. ஒரு சுற்று முழுவதும் ஒரே வரிசையில் நிற்கும். யார் முறை என்ற சண்டை வந்தால் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். முறை தவறி எறிவது பெரிய கூட்டத்தில் சகஜம், பேச்சு சுவாரசியத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பெயர்களை ஆடும் வரிசையிலேயே எழுதுங்கள். வரிசையை முடிவு செய்ய ஆளுக்கு ஒரு டார்ட் நடுவை நோக்கி எறிவது வழக்கம். கிட்டே குத்தியவர் முதலில். அடுத்த ஆட்டத்தில் இரண்டாமவர் முதலில் தொடங்கட்டும், அதற்கடுத்து மூன்றாமவர். முதலில் எறிபவருக்கு உண்மையாகவே சாதகம் உண்டு.

அடிச்ச எண்ணிக்கை தப்புன்னு சந்தேகம் வந்தா உடனே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு. மூன்று டார்ட்டில் வரவே முடியாத எண்கள் சில இருக்கின்றன: 163, 166, 169, 172, 173, 175, 176, 178, 179. இதில் ஒன்றை யாராவது கூவினால் கூட்டலில் தப்பு என்று அர்த்தம், மறுபடி போர்டைப் பாருங்கள். அதிகம் வரும் எண்களைப் பழகி வைப்பதும் உதவும். 20-ஐக் குறிவைத்து இரண்டு பக்கமும் சிதறினால் 20, 5, 1 சேர்ந்து 26. புதியவர்கள் ஆடும் தாளில் இந்த 26 எத்தனை தடவை வரும் என்று பாருங்கள்!

பஸ்ட்னா என்ன? அந்த டார்ட் மட்டும் போகுமா, மூணும் போகுமா?

மூன்றும் போகும். மிச்சத்தைவிட அதிகமாக அடித்தால் பஸ்ட். டபுளில் முடிக்கும் ஆட்டமாக இருந்தால் இன்னும் இரண்டு வகை உண்டு: மிச்சம் 1 ஆகிவிட்டால் பஸ்ட், டபுள் இல்லாமல் பூஜ்யம் ஆனாலும் பஸ்ட். முறை அந்த நொடியே முடிந்தது, கையில் இருக்கும் டார்ட்டை எறிய முடியாது. அந்த முறை தொடங்கும்போது இருந்த மிச்சத்துக்கே திரும்ப வேண்டும்.

32 மிச்சம் என்று வையுங்கள். டபுள் 16-க்குக் குறிவைத்து ஒற்றை 16-ல் பட்டது, மிச்சம் 16. டபுள் 8-க்குப் போய் ஒற்றை 8, மிச்சம் 8. இனி டபுள் 4. டார்ட் பக்கத்துத் துண்டான 18-க்கு நழுவியது. பஸ்ட். மிச்சம் 8 இல்லை, மறுபடி 32. ஸ்கோர் எழுதுபவர் நடுவில் 16, 8 என்று பத்தியில் எழுதிவிட்டால் அழிக்க வேண்டியிருக்கும். அதனால் மூன்று டார்ட்டும் முடிந்த பிறகே எழுதுங்கள். பஸ்ட் ஆன முறைக்கும் ஒரு வரி உண்டு: அடித்தது 0, மிச்சம் 32. அந்த வரியை விட்டுவிட்டால் அடுத்த சுற்றில் கட்டங்கள் எல்லாம் இடம் மாறிவிடும்.

டபுள்லதான் முடிக்கணுமா? எங்க ஆட்டம் முடியவே மாட்டேங்குது.

போட்டி விதிப்படி 501 டபுளில்தான் முடியும். 50-ம் டபுள் கணக்கு என்று முதல் பதிலில் சொன்னது இதற்காகத்தான். எல்லாரும் புதியவர்கள் என்றால் எந்த எண்ணிலும் முடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 1 மிச்சம் வந்தால் பஸ்ட் இல்லை, ஒற்றை 1-ல் முடிக்கலாம். டபுள் அல்லது ட்ரிபிள் இரண்டிலும் முடிக்கலாம் என்று நடுவழி ஒன்றும் உண்டு. 301 ஆடும்போது சிலர் தொடங்குவதற்கும் டபுள் வேண்டும் என்பார்கள். ஆறு பேர் கூட்டத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. ஒருவர் தொடங்கவே முடியாமல் நிற்பார், மற்றவர்கள் பாதி தூரம் போயிருப்பார்கள்.

எதை எடுத்தாலும் முதல் டார்ட்டுக்கு முன்பே தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

எவ்வளவு மிச்சம் இருந்தா ஒரே முறையில முடிக்கலாம்?

டபுளில் முடிப்பதென்றால் அதிகபட்சம் 170: ட்ரிபிள் 20, ட்ரிபிள் 20, 50. அதற்குக் கீழே எல்லாம் முடியும் என்று நினைக்க வேண்டாம். 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழும் மூன்று டார்ட்டில் முடியாது. 158-லிருந்து கீழே 2 வரை எல்லாம் முடியும்.

501-ஐயே குறைந்தபட்சம் ஒன்பது டார்ட்டில் முடிக்கலாம். தொலைக்காட்சியில் முதலில் அதைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் லோ, 1984-ல். இரண்டு முறை 180, மிச்சம் 141. அதை ட்ரிபிள் 17, ட்ரிபிள் 18, டபுள் 18 என்று முடித்தார்.

ஸ்கோர் தப்பா எழுதினது ரெண்டு சுற்று கழிச்சுத்தான் தெரிஞ்சுது. திருத்தலாமா?

பல போட்டி விதிகள் சொல்வது: அந்த ஆட்டக்காரர் அடுத்த முறை எறியத் தொடங்கும் முன் திருத்தலாம், அதற்குப் பிறகு எழுதியது எழுதியதுதான். கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் இதில் நியாயம் இருக்கிறது. மிச்சத்தைப் பார்த்துத்தான் ஒருவர் எங்கே குறிவைப்பது என்று முடிவு செய்கிறார். பின்னால் போய் எண்ணை மாற்றினால் நடுவில் எறிந்த டார்ட்டெல்லாம் பொருளில்லாமல் போகும்.

நண்பர்கள் ஆட்டத்தில் நான் கொஞ்சம் தளர்த்துவேன். அடித்த எண் சரியாக எழுதப்பட்டு, கழித்தல் மட்டும் தப்பாக இருந்தால், யாரும் முடிக்கும் நிலைக்கு வராத வரை திருத்திக்கொள்ளலாம். தாளிலேயே சாட்சி இருக்கிறதே. அடித்த எண்ணே தப்பு என்று ஒருவர் நினைவிலிருந்து சொன்னால் ஏற்க மாட்டேன்.

ஸ்கோர் எழுதறவர் 'டபுள் 16 அடி'ன்னு சொல்லித் தரலாமா?

எவ்வளவு அடித்தார், எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் சொல்லலாம். எப்படி முடிப்பது என்று சொல்லக் கூடாது. '32 மிச்சம்' சரி, 'டபுள் 16' சரியில்லை. குழந்தைகளோ புதியவர்களோ ஆடும்போது இதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.

ஒருத்தர் முடிச்சுட்டா, அந்தச் சுற்றுல மீதி இருக்கறவங்களுக்குச் சான்ஸ் உண்டா?

முறைப்படி இல்லை. முடித்தவர் வென்றார், ஆட்டம் அங்கேயே நின்றது. இருவர் ஆட்டத்தில் இது உறுத்தாது. ஐந்து பேரில் ஐந்தாவதாக எறிபவர் ஒரு முறை குறைவாகப் பெற்று, 40 மிச்சத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கொடுமைதான். தொடங்கும் வரிசையைச் சுற்றிவிடுவது ஒரு வழி என்று மேலே சொன்னேன். ஒரே ஒரு ஆட்டம்தான் என்றால், சுற்றை முழுசாக முடிக்கலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதே சுற்றில் இரண்டு பேர் முடித்தால், அந்த முறையில் குறைவான டார்ட்டில் முடித்தவர் வென்றவர். அதுவும் சமம் என்றால் நடுவை நோக்கி ஆளுக்கு ஒரு டார்ட்.

கிரிக்கெட்னு ஒரு ஆட்டம் சொல்றாங்களே, அதுல ஏன் எண்ணுக்குப் பதில் கோடு போடறாங்க?

இந்த ஆட்டத்தில் 15 முதல் 20 வரையும், புல்ஸ் ஐ எனப்படும் நடு வட்டங்களும் மட்டும்தான். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அடித்தால் அதை 'மூடியதாக' அர்த்தம். ஒற்றை ஒரு தடவை, டபுள் இரண்டு, ட்ரிபிள் மூன்று. நடுவில் 25-க்கு ஒன்று, 50-க்கு இரண்டு. தாளில் எண்களை மேலிருந்து கீழாக எழுதி, ஆளுக்கு ஒரு பத்தி. முதல் தடவைக்குச் சாய்ந்த கோடு, இரண்டாவதுக்கு அதைக் குறுக்கே வெட்டிப் பெருக்கல் குறி, மூன்றாவதுக்கு அதைச் சுற்றி ஒரு வட்டம். தூரத்திலிருந்து பார்த்தாலே யாருக்கு எது பாக்கி என்று தெரியும்.

நீங்கள் மூடிய எண்ணை மற்றவர்களில் ஒருவராவது மூடாமல் இருந்தால், அதில் நீங்கள் மேலும் அடிப்பது உங்களுக்குப் புள்ளியாகும். 20-ல் ஏற்கெனவே இரண்டு குறி இருக்கும்போது ட்ரிபிள் 20 அடித்தால், ஒன்று மூடுவதற்கு, மீதி இரண்டு 40 புள்ளி. எல்லாரும் மூடிவிட்டால் அந்த எண் செத்தது, வரிசையையே கோடு கிழித்து அடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் மூடி, புள்ளியிலும் யாருக்கும் பின்தங்காமல் இருப்பவர் வெற்றி.

மூணு பேர் ஆடினா முன்னால போறவர் புள்ளியைக் குவிச்சுக்கிட்டே போறார். கட்-த்ரோட் ஆடுங்கன்னு சொன்னாங்க, அதுல புள்ளி யாருக்கு எழுதறது?

கட்-த்ரோட்டில் புள்ளி ஒரு தண்டனை. குறி போடும் முறை மேலே சொன்னதேதான். ஆனால் நீங்கள் மூடிய எண்ணில் மேலும் அடித்தால், அதை இன்னும் மூடாத ஒவ்வொருவர் கணக்கிலும் அந்தப் புள்ளி ஏறும். உங்கள் கணக்கில் எதுவும் ஏறாது. முதலாமவரும் மூன்றாமவரும் 20-ஐ மூடிவிட்டார்கள், இரண்டாமவருக்கு ஒரு குறிதான் இருக்கிறது. முதலாமவர் ட்ரிபிள் 20 அடிக்கிறார். இரண்டாமவருக்கு 60, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவரும் மூடாமல் இருந்திருந்தால் அவருக்கும் 60, பாதிப்பாதியாகப் பிரிப்பதெல்லாம் இல்லை.

மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் நான் இதைத்தான் ஆடச் சொல்வேன். சாதாரண கிரிக்கெட்டில் ஒருவர் சோம்பேறித்தனமாக ஒரு எண்ணை மூடாமல் விட்டால், முன்னணியில் இருப்பவர் அதை வைத்தே புள்ளி குவிப்பார். ஒழுங்காக மூடிய மூன்றாம் ஆளும் சேர்ந்து பின்தங்குவார். கட்-த்ரோட்டில் விட்டவர் மட்டும் அனுபவிப்பார்.

எழுதுபவர் செய்யும் வழக்கமான தவறு, பழக்கதோஷத்தில் எறிந்தவர் பத்தியிலேயே புள்ளியை ஏற்றுவது. அதனால் 'எனக்கு 60' என்று யாரும் கூவ வேண்டாம். 'யார் 20-ஐ மூடவில்லை?' என்று கேட்டு, அவர்கள் பத்தியில் எழுதுங்கள்.

கட்-த்ரோட்ல நான் எல்லாத்தையும் மூடிட்டேன், ஆனா என் புள்ளிதான் அதிகம். இப்ப என்ன?

இன்னும் வெல்லவில்லை. உங்களைவிடக் குறைவான புள்ளியில் இருப்பவர் எதை மூடவில்லை என்று பார்த்து, அதையே அடித்து அவர் கணக்கை ஏற்றுங்கள். உங்கள் புள்ளி மற்ற எல்லாரையும்விடக் குறைவாகவோ சமமாகவோ ஆனதும் ஆட்டம் உங்களுடையது. அவரிடம் மூடாத எண்ணே இல்லை என்றால்? அவரைவிடக் குறைந்த புள்ளியில் வேறு யாரும் இல்லாவிட்டால் அவர்தான் ஏற்கெனவே வென்றிருக்கிறார், தாளை மறுபடி பாருங்கள்.

கில்லர், ஷாங்காய், ஹாஃப்-இட் இதுக்கெல்லாம் எப்படி எழுதறது?

ஷாங்காயில் முதல் சுற்றில் 1 மட்டும், இரண்டாவதில் 2 மட்டும் என்று 7 வரை போகும். அந்தச் சுற்றின் எண்ணில் பட்டதை மட்டும் கூட்டுங்கள். ஒரே முறையில் ஒற்றை, டபுள், ட்ரிபிள் மூன்றும் விழுந்தால் ஸ்கோரைப் பார்க்காமல் உடனே வெற்றி. ஹாஃப்-இட்டில் சுற்றுக்கு ஓர் இலக்கு. மூன்று டார்ட்டும் தவறினால் அதுவரை சேர்த்ததில் பாதி போகும். 37-ல் பாதி 18-ஆ 19-ஆ என்று தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

கில்லரில் ஆளுக்கு ஓர் எண், மூன்று உயிர்; உயிருக்கு ஒரு கோடு போடுங்கள். எண்ணைத் தேர்ந்தெடுக்கப் பழக்கமில்லாத கையால் ஒரு டார்ட். தன் டபுளை அடித்ததும் பெயருக்குப் பக்கத்தில் 'கி' போடுங்கள். அதன் பிறகு அவர் மற்றவருடைய டபுளை அடிக்கும் ஒவ்வொரு தடவையும், அந்த எண்ணுக்குரியவரின் கோடுகளில் ஒன்றை அழியுங்கள்.

ஒருத்தர் நல்லா ஆடறார், ஒருத்தர் இப்பத்தான் கத்துக்கறார். ஒரே தாள்ல எப்படி?

தொடக்க எண்ணை மாற்றுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம். நன்றாக ஆடுபவர் ஒரு முறைக்குச் சராசரி 45 அடித்தால் 501-க்குச் சுமார் 11 முறை ஆகும். புதியவரின் சராசரி 30 என்றால் 11 முறைக்கு 330. அவர் 330-ல் தொடங்கட்டும்.

அந்தச் சராசரியை எப்படிக் கணக்குப் பண்றது?

அடித்த மொத்தத்தை எறிந்த டார்ட்டுகளால் வகுத்து, மூன்றால் பெருக்குங்கள். 501-ஐ 22 டார்ட்டில் முடித்தால் 68.3. தோற்றவர்களுக்கு 501-லிருந்து மிச்சத்தைக் கழித்தால் அடித்தது வரும். 87 மிச்சத்தில் நின்றவர் 414 அடித்திருக்கிறார். 21 டார்ட் எறிந்திருந்தால் 59.1. பஸ்ட் ஆன முறையில் அடித்தது 0, ஆனால் எறிந்த டார்ட் எண்ணிக்கையில் சேரும். அந்த 0 வரியை விடாதீர்கள் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ரெண்டு ரெண்டு பேரா அணி பிரிஞ்சா?

அணிக்கு ஒரே மிச்சம், உறுப்பினர்கள் மாறி மாறி எறிவது சுலபமான வழி. ஆளுக்குத் தனி மிச்சம் வைத்தால் வலுவானவர் ஓடிப்போய் முடித்துவிடுவார், கூட்டாளி வேடிக்கை பார்ப்பார். அதைத் தடுக்க 'ஃப்ரீஸ்' விதி இருக்கிறது: கூட்டாளியின் மிச்சம், எதிரணி இருவரின் மிச்சத்தின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்தால் நீங்கள் முடிக்க முடியாது. எதிரணிக்கு 60-ம் 50-ம் மிச்சம், உங்கள் கூட்டாளிக்கு 140 என்றால் நீங்கள் காத்திருக்க வேண்டும். அந்த நிலையில் தவறிப்போய் முடித்துவிட்டால் பஸ்ட்டா, ஆட்டமே தோற்றதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

நடுவுல ஒருத்தர் கிளம்பிட்டா அவர் பத்தியை என்ன பண்றது?

501-ல் ஒன்றுமில்லை, பத்தியை அடித்துவிட்டுத் தொடருங்கள். கில்லரில் அவருடைய உயிர் எல்லாம் போனதாக எழுதுங்கள். கிரிக்கெட்டில்தான் கவனம் வேண்டும். போனவர் 17-ஐ மூடாமல் விட்டிருந்தால் அந்த எண் கடைசி வரை திறந்தே கிடக்கும், மூடியவர்கள் அதில் புள்ளி குவித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் அவர் பத்தியில் எல்லா எண்ணுக்கும் வட்டம் போட்டு மூடிவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் மூடிய எண்கள் எவை என்று பார்த்து அந்த வரிசைகளையும் அடித்துவிடுங்கள். கட்-த்ரோட் என்றால் அவர் புள்ளியையும் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆடாத ஒருவர் குறைந்த புள்ளியுடன் எல்லாருக்கும் முன்னால் நிற்பார்.